நிலைவாசலுக்கு எந்த மஞ்சள்?

பொங்கலுக்கு முந்தைய இரண்டு மாதங்களும், கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு முந்தைய சில வாரங்களும் சேலத்துப் பெயிண்ட் வியாபாரிகளுக்கு அறுவடைக் காலம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் கடைகளிலும் இதே நிலைதான். குடும்பத்தோடு கடைக்கு வருகிறார்கள். ஷேட் கார்டைப் புரட்டுகிறார்கள். ஹாலுக்கு என்ன கலர், படுக்கை அறைக்கு என்ன கலர், வெளிச்சுவருக்கு என்ன கலர் என்று ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். கடைசியில், பணம் கட்டும் நேரத்தில், "கதவு, ஜன்னலுக்கு ஏதாவது ஒரு பிரவுன் போடுங்க; நிலைவாசலுக்கு ஒரு சின்ன டப்பா மஞ்சள் கொடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறார்கள். நாமும் கை நீட்டி எதிரில் இருக்கும் டப்பாவை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

சுவருக்கு ஒரு மணி நேரமும் கதவு, ஜன்னலுக்கு ஒரு நிமிடமும் என்ற இந்த வழக்கம் தலைகீழாக மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து. சுவரை நாம் பார்க்கிறோம், தொடுவது குறைவு. நிலை, கதவு, ஜன்னல் சட்டம், கம்பி, தரையோரப் பட்டை ஆகியவற்றையோ வீட்டில் உள்ள அனைவரும் நாள் முழுவதும் தொடுகிறோம். தவழும் குழந்தை பிடித்து எழுந்து நிற்பது நிலைப்படியை. ஜன்னலில் நின்று தெருவைப் பார்க்கும் குழந்தை வாயை வைப்பது கம்பியில். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த டப்பாவை எடுத்துக் கொடுப்பது என்பது சிறு விஷயம் அல்ல என்பது விளங்கும்.

வாடிக்கையாளருக்கு நாம் சொல்ல வேண்டியது

முதலில் அழகைப் பற்றிப் பேசுவோம். வாடிக்கையாளர் நம்மிடம் வருவது அதற்காகத்தான்.

நம் பகுதிப் பழைய ஓட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், அதன் அடியில் காவிப் பட்டை, பச்சையோ நீலமோ அடித்த கதவு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த நிலை. இத்தனைக்கும் மொத்தம் நான்கு நிறம்தான். ஆனால் வீடு முழுவதும் அதே நான்கு நிறம் என்பதால் பார்வைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. இன்று டின்டிங் மிஷின் வந்த பிறகு ஆயிரக்கணக்கான நிறங்கள் கிடைக்கின்றன. அறைக்கு ஒரு நிறம் அடிக்கும் ஆசை வந்துவிட்டது. அப்படி அடிக்கும் வீட்டிலும் கதவு, ஜன்னல், நிலை எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தை வைத்துக்கொண்டால் அறைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும். வாடிக்கையாளருக்கு நாம் கூறும் முதல் யோசனை இதுவாக இருக்கட்டும்.

சிறிய அறைக்கும், உயரம் குறைந்த அறைக்கும் சுவரின் நிறத்திலேயே ஒரு படி கூடியோ குறைந்தோ சட்டத்துக்கு அடித்தால் அறை அடைசலாகத் தெரியாது. பெரிய ஹாலில் வெளிர் சுவருக்கு அடர்ந்த சட்டம் எடுப்பாக இருக்கும். வெயில் அதிகம் விழும் மேற்குப் பார்த்த கதவுக்கு மிக அடர்ந்த நிறம் ஏற்றதல்ல. நமது சமவெளி வெயிலில் அது சூடேறி, விரைவில் வெளுத்து, வெடிப்பும் விடும். வெளிச்சம் குறைந்த உள்ளறைக் கதவுக்கு எண்ணெய் எனாமல் வெள்ளை அடித்தால் அது நாளடைவில் பழுப்பேறும். அங்கே சந்தன நிறமோ சாம்பல் நிறமோ தாங்கும். சமையலறை ஜன்னல் கம்பிக்கு வெள்ளை வேண்டாம்; எண்ணெய்ப் பிசுக்கு ஆறே மாதத்தில் காட்டிக் கொடுத்துவிடும். தேக்கு நிலைக்கு எனாமலே வேண்டாம். வார்னிஷ் அல்லது பாலிஷ் போதும். நல்ல மரத்தை மூடுவதற்குக் காசு வாங்குவது நமக்கும் அழகல்ல.

பளபளப்பு வேண்டுமா, மங்கலான பூச்சு வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும். பளபளப்பான எனாமல் ஈரத் துணியால் துடைக்கச் சுலபம்; ஆனால் மரத்தில் உள்ள ஒவ்வொரு பள்ளத்தையும் அது எடுத்துக் காட்டும். ஆகவே பட்டி பார்ப்பதும் உப்புத்தாள் போடுவதும் சரியாக இருக்க வேண்டும். பாதிப் பளபளப்புள்ள பூச்சு குறைகளை ஓரளவு மறைக்கும். இவற்றையெல்லாம் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் அவர் அடுத்த முறையும் நம் கடைக்கே வருவாரா என்பது முடிவாகிறது.

மஞ்சளுக்குள் இருப்பது என்ன?

இனி நிலைவாசலுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை தோறும் நிலையைக் கழுவி, மஞ்சள் அரைத்துப் பூசி, குங்குமப் பொட்டு வைப்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். வாரந்தோறும் பூச நேரமில்லாமல் போகவே, எனாமலில் மஞ்சள் அடித்துச் சிவப்புப் பொட்டும் பெயிண்டிலேயே வைத்துவிடும் பழக்கம் வந்தது. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அரைத்த மஞ்சளும் டப்பா மஞ்சளும் ஒன்றல்ல.

எனாமலில் பளிச்சென்ற மஞ்சள் வருவதற்கு நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டு வந்த பொடி ஈய குரோமேட். விலை மலிவு, வெயிலுக்கு மங்காது, ஒரு கோட்டிலேயே அடியை மூடும். ஆரஞ்சு நிறத்துக்கும் பளிச்சென்ற சிவப்புக்கும் ஈயம் கலந்த பொடிகள் உண்டு. மஞ்சளோடு நீலம் சேர்த்துச் செய்யும் பச்சையிலும் அதே மஞ்சள் இருக்கலாம். எனாமல் விரைவில் உலர்வதற்குச் சேர்க்கும் மருந்திலும் ஈயம் இருந்தது. சுவருக்கு அடிக்கும், தண்ணீரில் கரையும் எமல்ஷனில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆக, ஈயம் எங்கே அதிகம் இருக்கக்கூடுமோ, அந்தப் பூச்சுதான் குழந்தையின் கைக்கு எட்டும் நிலைக்கும் கதவுக்கும் கம்பிக்கும் போகிறது.

ஈயம் உடலுக்குள் சென்றால் உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. படிப்பும் கவனமும் குறைகின்றன. காய்ச்சல் போல உடனே வெளியில் தெரிவதில்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில், அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில், கவலைப்படத்தக்க அளவில் ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. இதற்குப் பெயிண்ட் மட்டுமே காரணமல்ல. பழைய பேட்டரியை உருக்குவது, கலப்பட மசாலா, சில வகைப் பாத்திரங்கள் என்று பல காரணங்கள் உண்டு. ஆயினும் நம் கடை வழியே செல்லும் காரணம் பெயிண்ட்தான்.

சுவரை விடக் கதவு, ஜன்னலில் ஆபத்து கூடுதல் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கதவும் ஜன்னலும் நாள்தோறும் திறந்து மூடப்படுபவை. ஒவ்வொரு முறையும் சட்டத்தோடு சட்டம் உராய்கிறது. பூச்சு கண்ணுக்குத் தெரியாத தூளாகி ஜன்னல் திண்டிலும் தரையிலும் விழுகிறது. அந்தத் தூள் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியும் அல்ல. கட்டடங்களின் உட்புறப் பூச்சில் வெள்ளை ஈயத்தைத் தடுக்கும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-ஆம் ஆண்டிலேயே கொண்டு வந்தது. அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 1978-இல் தடை விதித்தது. நமது நாட்டில் பெட்ரோலில் ஈயம் சேர்ப்பது 2000-ஆம் ஆண்டில் நின்றது. பெயிண்டுக்குச் சட்டம் வர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

சட்டம் கூறுவது

வீட்டு உபயோக மற்றும் அலங்காரப் பெயிண்டுகளில் ஈய அளவு பற்றிய விதிகளை மத்திய அரசு 2016 நவம்பரில் அறிவித்தது. அவை 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அனுமதிக்கப்பட்ட அளவு 90 பிபிஎம். அதாவது உலர்ந்த பெயிண்ட் ஒரு கிலோவில் 90 மில்லிகிராம். அதற்கு மேல் ஈயம் உள்ள வீட்டுப் பெயிண்டைத் தயாரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதம், வருடமும், ஈயம் 90 பிபிஎம்-ஐ மிகாது என்ற வாசகமும் டப்பாவின் மேல் இருக்க வேண்டும்.

பெரிய கம்பெனிகள் பலவும் சட்டத்துக்கு முன்பே ஈயத்தைக் கைவிட்டுவிட்டன. ஈயம் இல்லாமல் மஞ்சள் செய்ய வேறு பொடிகள் இருக்கின்றன. விலை சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் சிறு அளவில் தயாரித்து விற்கப்படும் சில எனாமல்களில், சட்டம் வந்த பிறகும் அளவுக்கு மீறிய ஈயம் இருப்பதை டெல்லியில் உள்ள டாக்சிக்ஸ் லிங்க் என்ற அமைப்பின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. 90 இருக்க வேண்டிய இடத்தில் 10,000-ஐத் தாண்டிய எனாமல்களும் நம் நாட்டுச் சோதனைகளில் அகப்பட்டதுண்டு. எல்லாச் சிறு தயாரிப்பாளர்களையும் நாம் குறை கூறவில்லை. அவர்களில் நேர்மையாகச் செய்பவர்கள் பலர். நல்லவரையும் மற்றவரையும் பிரித்துக் காட்டுவது டப்பாவின் மேலுள்ள எழுத்தும், சரக்குடன் வரும் பில்லும்தான்.

நாமக்கல் வட்டாரத்துக்கென்று ஒரு தனி எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல்லும் திருச்செங்கோடும் நாடறிந்த ஊர்கள். லாரிக்கு அடிக்கும் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் தொழிற்சாலைப் பெயிண்ட் வகை. மேற்சொன்ன விதி வீட்டுப் பெயிண்டுக்கு மட்டுமே உரியது; தொழிற்சாலைப் பெயிண்டுக்கு இந்த 90 பிபிஎம் வரம்பு இல்லை. பட்டறையில் மீந்த அரை டின் மஞ்சளை வீட்டுக்கு எடுத்துச் சென்று நிலைக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். "லாரிக்கே தாங்குது, வீட்டுக்குத் தாங்காதா?" என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். தாங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் லாரியை எந்தக் குழந்தையும் பிடித்துக்கொண்டு நடை பழகுவதில்லை. கடைக்காரர்களும் வாகனப் பெயிண்டை வீட்டு உபயோகத்துக்கு என்று தெரிந்தே கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

நம் தலையில் விழும் பொறுப்பு

"வாடிக்கையாளர் கேட்கிறார், நாம் கொடுக்கிறோம், தப்பு இருந்தால் தயாரித்தவன் பார்த்துக்கொள்வான்" என்று சிலர் கூறக் கேட்கிறோம். இந்த வாதம் இனிச் செல்லாது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் ஏற்படும் தீங்குக்கு விற்பனையாளரும் பொறுப்பாகும் சந்தர்ப்பங்களை எடுத்துரைக்கிறது. பொருளைத் தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டால் பொறுப்பு விற்றவர் மேல் விழும் என்பது அவற்றுள் ஒன்று. முகவரியில்லா டப்பாவை, பில் இல்லாமல் வாங்கி, பில் இல்லாமல் விற்கும் வியாபாரி, யாரோ ஒருவர் செய்த குற்றத்துக்குத் தானே ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் ஆகிறார். நூறு மில்லி டப்பாவில் கிடைக்கும் சில ரூபாய் கூடுதல் லாபத்துக்காக முதலுக்கே மோசம் வரவழைத்துக்கொள்ள வேண்டுமா?

"நான் நிறுத்தினால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார்" என்பது அடுத்த வாதம். இதில் உண்மை இருக்கிறது. தனி ஒருவர் நிறுத்தினால் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போகத்தான் செய்யும். அதனால்தான் இதைச் சங்கம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை என்கிறோம்.

இதற்கு ஒரு முன்னுதாரணம், நாமகிரிப்பேட்டையிலும் திருச்செங்கோட்டிலும் ஏலம் விட்டு வளர்ந்த நமக்கு நன்கு பழக்கமான மஞ்சள் வியாபாரத்திலேயே இருக்கிறது. வங்காள தேசத்தில் மஞ்சள் கிழங்குக்கு மெருகேற்ற, பெயிண்டில் சேர்க்கும் இதே ஈய குரோமேட்டைத் தடவி விற்றது 2019-இல் ஆய்வாளர்களால் வெளிப்பட்டது. அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வியாபாரிகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. சந்தையில் சோதனை நடத்தியது. தவறு செய்தவர்களுக்கு அபராதம் விதித்தது. 2019-இல் சோதித்த சந்தை மஞ்சளில் 47 விழுக்காடு மாதிரிகளில் இருந்த ஈயம் 2021-இல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே ஆண்டுகளில் ஒரு நாட்டின் சந்தை சுத்தமாயிற்று. பொடி ஒன்றேதான், அங்கே மஞ்சளில் இருந்தது, இங்கே பெயிண்டில் இருக்கிறது. அதிகாரிகள் வந்து அபராதம் போடும் வரை காத்திராமல் நாமே முன்வந்து செய்தால் மரியாதை நம்மிடம் நிற்கும்.

செய்ய வேண்டியவை

நம் உறுப்பினர்களுக்குச் சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, இந்த வாரமே அலமாரியில் உள்ள எனாமல் டப்பாக்களை, முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை ஆகியவற்றை இறக்கிப் பாருங்கள். தயாரிப்பாளர் முகவரியோ, தேதியோ, 90 பிபிஎம் வாசகமோ இல்லாதவற்றைத் தனியே எடுத்து வைத்துச் சப்ளையருக்குத் திருப்புங்கள். திருப்பி எடுக்க மறுக்கும் சப்ளையரிடம் இனிக் கொள்முதல் வேண்டாம். மொத்த வியாபாரிகள் இதில் சில்லறைக் கடைக்காரர்களுக்குத் துணை நிற்க வேண்டும்; திரும்பி வரும் சிறு டப்பாக்களுக்குக் கணக்கில் வரவு கொடுக்கத் தயங்கக் கூடாது.

இரண்டு, ஈயம் கண்ணுக்கும் மூக்கிற்கும் புலப்படாது. ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். தனி ஒரு கடைக்காரருக்கு அது செலவாக இருக்கலாம். சங்கத்தின் சார்பில், நம் பகுதியில் அதிகம் விற்கும் சிறு டப்பா மஞ்சள்களை ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவை உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கலாம். செலவைப் பகிர்ந்தால் தலைக்கு ஒரு தேநீர்க் காசுதான் வரும்.

மூன்று, பழைய கதவு, ஜன்னலுக்கு மறுபூச்சு அடிப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 2017-க்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம் என்றே கருத வேண்டும். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் வீடெங்கும் தூள் பறக்கும். தீயால் சுட்டு உரித்தால் புகையாகும். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்ப்பதும், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அப்பால் அனுப்புவதும், வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடைப்பதும் பாதுகாப்பு. நாள் முழுவதும் அந்தத் தூளைச் சுவாசிப்பவர் பெயிண்டர். நம் கடைக்கு வாடிக்கை பிடித்துத் தரும் அவருக்கு ஒரு முகமூடியைச் சேர்த்துக் கொடுப்பதில் நாம் ஏழையாகிவிட மாட்டோம்.

நான்கு, வாடிக்கையாளரிடம் விலையோடு காரணத்தையும் சொல்லுங்கள். "இந்த டப்பா இருபது ரூபாய் கூடங்க, ஆனா இதில் ஈயம் அளவுக்குள்ளதான் இருக்குன்னு எழுதி இருக்குங்க, குழந்தை இருக்கிற வீடு பாருங்க" என்று சொன்னால் மறுக்கும் தாய் எங்கே இருக்கிறார்? நிலைக்கு எனாமலே வேண்டாம் என்பவருக்கு, வெள்ளிக்கிழமை மஞ்சளையே பூசச் சொல்லலாம். அந்த வியாபாரம் நம் சங்கத்து மளிகைக் கடைக்காரருக்குப் போகட்டும். சுவரடிப் பட்டைக்கு அந்தக் காலத்துக் காவியே கேட்பவர்களும் இன்று உண்டு. காவி என்பது இரும்புத் துரு கலந்த மண்; அதில் நிறம் தருவது ஈயம் அல்ல. நம் முன்னோர் நிறத்துக்கு எடுத்துக்கொண்ட சுண்ணாம்பு, காவி, மஞ்சள் மூன்றும் மண்ணிலிருந்தும் கொல்லையிலிருந்தும் வந்தவை.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பது வாடிக்கையாளரின் உரிமை. அவருக்குப் பிடித்தது கிளிப்பச்சையா, காப்பிப் பிரவுனா என்பதில் நாம் யோசனை மட்டுமே கூறலாம். ஆனால் எந்த டப்பாவிலிருந்து அந்த நிறம் போக வேண்டும் என்பதை அவர் அறிய மாட்டார். அவர் நம்மை நம்பித்தான் கை நீட்டுகிறார். நிலைவாசல் என்பது மகாலட்சுமி வரும் வழி என்று நம்புகிற மக்கள் நாம். அந்த வழியில் பூசப்படும் மஞ்சள் நம் கடையிலிருந்து போகிறது. அதற்குத் தகுந்த மஞ்சளைக் கொடுப்போம் என்ற தீர்மானத்தை வரும் சங்கக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டுமென உறுப்பினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.